வாக்கற்றோரின் சங்கமும் அமைச்சர் பதவியும்: சௌமியமூர்த்தி தொண்டமானின் பொதுவாழ்வு

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களுக்குள்ளிருந்து எழுந்த தொழிற்சங்கத் தலைவர்கள் குடியேறிய நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் அமர்வது, இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் நிகழ்ந்ததுதான். ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன ஆண்ட்ரூ ஃபிஷர் ஆஸ்திரேலியாவின் பிரதமரானார். அதே மண்ணில் பிறந்த மற்றொரு சுரங்கத் தொழிலாளியான வில்லியம் வில்சன் 1913இல் அமெரிக்காவின் முதல் தொழிலாளர் துறை அமைச்சரானார். அவர்களுடைய ஏற்றத்துக்கும் இலங்கை மலையகத்தின் சௌமியமூர்த்தி தொண்டமானுடைய ஏற்றத்துக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. அவ்விருவரையும் சுமந்து சென்றவை தொழிலாளரின் வாக்குகள். தொண்டமான் தலைமை தாங்கிய தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையோ சட்டத்தின் வழியாகப் பறிக்கப்பட்டிருந்தது. வாக்கில்லாத மக்களின் சங்கம் ஒன்று முப்பது ஆண்டுகள் உயிரோடு நின்று, பின்னர் அமைச்சரவைக்குள் நுழைந்து, பறிபோன பிரஜாவுரிமையை அங்கிருந்தபடியே மீட்டெடுத்தது என்பதே அவருடைய பொதுவாழ்வின் சாரம். அந்த மீட்பு எவ்வளவு பெரியது, அதற்குள் எவ்வளவு விடுபட்டுப்போயிற்று என்ற இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் அவரைப் பற்றிய மதிப்பீடு நேர்மையானதாக இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் தொடங்கிய கோப்பிச் செய்கைக்கும், 1869க்குப் பின் இலைநோய் பரவிக் கோப்பி அழிந்தபோது அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கும் வேண்டிய உழைப்பாளர்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து திரட்டப்பட்டனர். அவர்களைத் திரட்டியவர் கங்காணி எனப்பட்டார். தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்துத் தோட்டத்துக்கு அழைத்துவந்து, அங்கே அவர்களை மேற்பார்த்தவரும் அவரே. முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. அக்கடனைத் தீர்ப்பவர் யாராயினும் தொழிலாளியை அவருக்கு விட்டுக்கொடுப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதித்தந்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர்; துண்டில்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இம்முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டாலும், தொழிலாளரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட ஏனைய ஏற்பாடுகள் நீடித்தன. விடியலில் வேலை பகிர்ந்தளிக்கப்படும் ‘பெரட்டு’க் களத்திலும், பத்தடிச் சதுர அறைகளை வரிசையாக இணைத்துக் கட்டிய ‘லயம்’ என்னும் குடியிருப்பிலும், ‘துரை’ என்றழைக்கப்பட்ட தோட்ட அதிகாரியின் சொல்லே சட்டமாக இருந்தது.

தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30 அன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அவருக்கு முன்பே இலங்கைக்குச் சென்ற தந்தை கருப்பையா, கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் என்ற தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கும் நிலையை எட்டியிருந்தார். 1924இல், பதினொரு வயதில், தந்தையிடம் வந்து சேர்ந்த சௌமியமூர்த்தி கம்பளையில் புனித அந்திரேயர் கல்லூரியில் பயின்று, பின்னர் தோட்ட நிர்வாகத்தில் ஈடுபட்டார். ஆகவே அவர் கொழுந்துக் கூடையோ கவ்வாத்துக் கத்தியோ பிடித்து வாழ்ந்தவர் அல்லர். தொழிலாளருக்கு வேலை கொடுக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர். அவரை எதிர்த்த இடதுசாரிகள் கடைசிவரை சுட்டிக்காட்டிய இந்த உண்மையை மூடிமறைக்கத் தேவையில்லை. தோட்ட முதலாளியின் கணக்கும் தொழிலாளியின் குறையும் ஆகிய இரண்டையும் உள்ளிருந்து அறிந்தவராக அவர் இருந்ததே அவருடைய பேரம்பேசும் திறனுக்கும், அந்தத் திறனுக்கு இருந்த வரம்புகளுக்கும் காரணமாயிற்று.

மலையகத்தில் தொழிற்சங்கத்துக்கு வித்திட்டவர் தொண்டமான் அல்லர். தஞ்சையிலிருந்து கொழும்புக்கு வந்து பத்திரிகையாளராகப் பணியாற்றிய கோ. நடேசய்யர், அந்நியர் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த தோட்டங்களின் நிலையை நேரில் அறிந்து எழுதியவர். 1931இல் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, மனைவி மீனாட்சியம்மையின் பாட்டுகளோடும் பேச்சுகளோடும் சங்கக் கருத்தை லயங்களுக்குக் கொண்டுசென்றவர். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். குடியேறியவராக வந்து, சங்கம் அமைத்து, சட்டமியற்றும் சபைக்குப் போன பாதையை வெட்டிய அவருக்குத் தமிழ் வாசகர்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை. அரசாங்க சபையை உருவாக்கிய 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு, சர்வசன வாக்குரிமையை அளித்தபோதும், இந்தியத் தொழிலாளர் இலங்கையையே நிலையான வசிப்பிடமாகக் கொண்டிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்திருந்தது. பிற்காலத்தில் வந்த பெருந்துயரத்தின் முதல் விதை இதுவே.

1939இல் இலங்கை அரசாங்கம் நாட்கூலிக்கு அமர்த்தியிருந்த இந்தியத் தொழிலாளரை வேலைநீக்கத் தொடங்கியதும், இந்தியத் தேசியக் காங்கிரஸ் ஜவஹர்லால் நேருவைக் கொழும்புக்கு அனுப்பியது. பேச்சுவார்த்தை பலனளிக்கவில்லை, ஆனால் சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகளை ஒன்றுசேருமாறு அவர் வற்புறுத்தியதன் விளைவாக அவ்வாண்டு ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அதற்கடுத்த மாதம் முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் புலம்பெயர்வதை இந்திய அரசு தடைசெய்ததால், மலையகத்தில் அன்று இருந்தவர்களே இனி அங்கே நிலைபெற்ற சமூகம் என்றாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தோட்டமெங்கும் கொதிப்பு பரவிய அவ்வாண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் தொழிற்சங்கப் பிரிவை அமைத்தது. கம்பளைக் கிளையின் வழியாக இவ்வியக்கத்துக்குள் வந்த தொண்டமான் 1945இல் காங்கிரசின் தலைவரானார். தோட்டத்துக்கு ஒரு கமிட்டி, அதற்கொரு தலைவர், பல தோட்டங்களுக்கு ஒரு மாவட்டக் காரியாலயம் என்று கட்டப்பட்ட சங்க அமைப்பு, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் தாண்டித் துரையிடம் நேராக முறையிடும் வழியைத் தொழிலாளிக்கு முதன்முதலாகத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் வாக்குரிமை போன பின்னும் மக்களை ஒன்றாக வைத்திருந்தது இந்தக் கமிட்டி அமைப்பே.

1947ஆம் ஆண்டு பொதுத்தேர்தலில் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றத்துக்குச் சென்றார். அவர் கட்சியினர் சிலரும் உடன் வென்றதோடு, தோட்ட வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வலுச்சேர்த்தன. வாக்குச் சீட்டு காட்டிய இந்த வலிமையே அதைப் பறிப்பதற்கான காரணமாயிற்று. சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் வம்சாவளியால் பிரஜையாவதற்கு அவருடைய தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே அரிதாக இருந்த தோட்டத்தில், லயத்து அறையில் பிறந்த தந்தையின் பிறப்பை எந்த ஆவணத்தைக் காட்டி நிறுவுவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ந்து வசித்த காலத்தையும் வருமானத்தையும் நிரூபிப்பவர்கள் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்று கதவைச் சாத்தியது. மூன்று சட்டங்களின் கூட்டு விளைவாக, 1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாட்டு மக்களில் 11.7 சதவீதமாக இருந்த ஒரு சமூகத்தின் மிகப் பெரும்பகுதி நாடற்றதாயிற்று. இலங்கைத் தமிழரின் அரசியலும் இதனால் பிளந்தது, ஜி. ஜி. பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து இதன் பொருட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

புதிய சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதா புறக்கணிப்பதா என்பதில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தடுமாறியது. முதலில் புறக்கணிக்கச் சொல்லி, கெடு நெருங்கிய வேளையில் விண்ணப்பிக்கச் சொன்னதால், ஆவணம் தேடுவதற்குரிய பொன்னான காலம் வீணாயிற்று. தொண்டமானும் பங்கேற்ற தலைமையின் கடுமையான பிழையாக இதைக் கருதுவதில் தவறில்லை. எனினும் கெடு முடிந்த 1951 ஆகஸ்டுக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதோர் மிகுந்த தோட்டங்களில் இத்தனை விண்ணப்பங்களும் தோட்டக் கமிட்டிகளின் உழைப்பால் எழுந்தவை. ஆண்டுக்கணக்கில் நீண்ட விசாரணைகளின் முடிவில், ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே பிரஜைகளாக ஏற்கப்பட்டனர். ஆவணத்தில் ஒரு தேதி மாறியதும், இடையில் ஒரு முறை இந்தியாவுக்குப் போய்த் தங்கியதும்கூட மறுப்புக்குப் போதுமான காரணங்களாயின.

1952 ஏப்ரலில் கொழும்பில் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த சத்தியாக்கிரகம் அரசை அசைக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவும் இல்லை. அரசியல் வாயில் அடைபட்டபோது எஞ்சியது தொழிற்சங்கம் மட்டுமே. அச்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது, 1956இல் ஏ. அஸீஸ் பிரிந்துசென்று ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். பிளவால் பலம் குன்றினாலும், தேயிலை ஏற்றுமதியே நாட்டின் வருவாய்க்கு முதுகெலும்பாக இருந்த காலத்தில் கொழுந்து பறிப்பதை நிறுத்தக்கூடிய அமைப்பை எந்த அரசாலும் அடியோடு புறக்கணிக்க முடியவில்லை. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசும் 1965இல் டட்லி சேனாநாயக்க அரசும் தொண்டமானை நியமன உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அழைத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். மக்கள் தேர்ந்தெடுக்க முடியாத தலைவரை ஆட்சியாளர் நியமிக்கும் இந்த ஏற்பாடு, ஆளுங்கட்சியோடு உறவைப் பேணுவதையே தொண்டமானின் அரசியல் முறையாக உருவாக்கியது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9 லட்சத்து 75 ஆயிரம் நாடற்ற மனிதரைப் பங்கு பிரித்தது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அந்த மீதியும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களையோ அவர்களுடைய சங்கங்களையோ கேட்காமல், எண்ணிக்கையை முதலில் நிர்ணயித்துவிட்டு அதற்கேற்ப மனிதர்களைத் தேடிய இந்த ஒப்பந்தத்தைத் தொண்டமான் எதிர்த்தார். இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிகுதியானோர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கே விண்ணப்பித்தது, அவருடைய எதிர்ப்பு யாருடைய குரல் என்பதைக் காட்டியது. ஆயினும் லட்சக்கணக்கானோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகமெங்கும் சிதறினர். அவர்களில் ஒரு பகுதியினருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் அவர்களுடைய பிள்ளைகள் கொழுந்து பறிக்கின்றனர். 1981இல் இலங்கைக் குடிக்கணக்கு இந்திய வம்சாவளித் தமிழரை 5.5 சதவீதமாகக் காட்டியபோது, முப்பத்தைந்து ஆண்டுகளில் அச்சமூகம் இழந்தது எவ்வளவு என்பது வெளிப்பட்டது.

1970க்குப் பிந்திய ஏழாண்டுகள் மலையகத்தின் இருண்ட காலம். நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகிய வேளையில், உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ஆட்சியாளரிடம் செல்வாக்கிழந்திருந்த தொண்டமான், 1972இல் செல்வநாயகம், பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராக இணைந்தார். ஆனால் 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியபோது, வடக்கு கிழக்குக்கு வெளியே சிங்கள ஊர்களின் நடுவே வாழும் தோட்ட மக்களுக்கு அக்கோரிக்கை பொருந்தாது என்று விலகி நின்றார். 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராகத் தொண்டமான் வென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அம்மக்கள் தம் வாக்கால் அனுப்பிய பிரதிநிதி அவர்.

1978 செப்டம்பரில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையில் அவர் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அவ்வாண்டு வந்த அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜைக்கும் பதிவுப் பிரஜைக்கும் இடையே இருந்த வேறுபாட்டை நீக்கியதோடு, நாட்டில் நிரந்தரமாக வசித்த நாடற்றோருக்கும் சில அடிப்படை உரிமைகளைப் பத்தாண்டுகளுக்கு வழங்கியது. வடகிழக்குத் தமிழ்க் கட்சிகள் எதிரணியில் இருந்த நேரத்தில் ஆட்சியில் சேர்ந்த தொண்டமானைத் துரோகி என்றவர்கள் உண்டு. 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அவருடைய மக்களே லயத்தோடு எரிக்கப்பட்டபோது, அமைச்சராக இருந்தும் அவரால் தடுக்க முடியவில்லை என்பது அப்பழிக்கு வலுவூட்டியது. அவர் ஏன் பதவி விலகவில்லை என்ற கேள்விக்கு, அதற்கடுத்த சில ஆண்டுகளில் அவர் அந்தப் பதவியைப் பயன்படுத்திய விதமே விடையாகிறது.

தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை வரையறுத்த 1927ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகவே, ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு அதனிலும் குறைந்த வீதம் என்ற பிரிவு நிலவியது. தேயிலைத் தொழிலின் உயிர்நாடியான கொழுந்து பறித்தலைச் செய்பவர்கள் பெண்களே. அந்தி சாய்ந்து லயத்துக்குத் திரும்பிய பின்னும் வீட்டுவேலை அவர்களுக்காகக் காத்திருந்தது. 1984 ஏப்ரலில் அரசுக்குச் சொந்தமான தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது அதன் முன்னணியில் நின்றது அமைச்சர் ஒருவர் தலைமை வகித்த சங்கம். அமைச்சரவையில் அமர்ந்திருப்பவரே அரசின் தோட்டங்களை நிறுத்தும் இந்த முரண், ஆட்சியாளருக்குச் சங்கடத்தையும் தொழிலாளருக்கு வெற்றியையும் தந்தது. கூலி உயர்ந்ததோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்பது நிலைநாட்டப்பட்டது. அறுபது ஆண்டு அநீதியொன்று அத்துடன் முடிவுக்கு வந்தது. தொண்டமானின் சாதனைகளைப் பேசுவோர் பிரஜாவுரிமையை உயர்த்திச் சொல்லி இதைப் போகிற போக்கில் தொட்டுச்செல்வது வழக்கம்; தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை நோக்கினால் இரண்டும் ஒரே தராசில் நிற்கத் தக்கவை.

1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் இதைவிடவும் நுட்பமானது. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி, காலை முதல் நண்பகல்வரை தொழிலாளர் கோயில்களில் கூடி வழிபட்டுப் பின்னரே வேலைக்குச் செல்வது என்பது திட்டம். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நாட்டில் ஆர்ப்பாட்ட ஊர்வலம் ஒன்று எளிதில் வன்முறைக்கு இரையாகியிருக்கும். கும்பிட நின்றவர்களை அடித்து விரட்ட முடியவில்லை, அரைநாள் கொழுந்து போனதை அரசால் தாங்கவும் முடியவில்லை. சில நாள்களிலேயே அரசு இறங்கிவந்தது. ஒப்பந்தங்களின்படி இந்தியாவின் பங்கு 6 லட்சமாக இருந்தும் 5 லட்சத்து 6 ஆயிரம் பேரே இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்ததால், எஞ்சிய 94 ஆயிரம் பேரை இலங்கையே ஏற்பது என முடிவாயிற்று. அதன்படி இலங்கை ஏற்க வேண்டியோர் தொகை 4 லட்சத்து 69 ஆயிரமாக உயர்ந்தது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வடிவம் தந்தது. 1988இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டமோ, சத்தியக் கடதாசி ஒன்றையே போதிய சான்றாக ஏற்றுக்கொண்டது. நாற்பதாண்டுகளாக ஆவணம் கேட்டுக் கதவடைத்த அரசு, தொழிலாளியின் வாய்ச்சொல்லை நம்புவதாக எழுதிக்கொடுத்தது. அவ்வாண்டு இறுதியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தோட்ட வாக்குகளை நாடி எல்லாத் தரப்பும் மலையேறி வந்தன. பிரேமதாச, விஜேதுங்க, குமாரதுங்க என அடுத்தடுத்த ஜனாதிபதிகளின் கீழும் தொண்டமான் அமைச்சராகத் தொடர்ந்தார். போரின்போது சமரசப் பேச்சுக்குத் தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் இருந்த தொடர்புகளை அவர் பயன்படுத்தியதும் உண்டு.

இத்தனைக்கும் மறுபக்கம் இருக்கிறது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்பட்ட சந்தாவால் வளர்ந்த சங்கம், தலைவரின் வீட்டோடு ஒன்றிப்போயிற்று. அவருக்குப் பின் தலைமை பேரன் ஆறுமுகன் தொண்டமானிடமும், பின்னர் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையிடமும் சென்றது. உறுப்பினரில் பெரும்பகுதியினர் பெண்களாயிருந்தும் தோட்டக் கமிட்டிக்கு மேலே அவர்கள் ஏறியது மிக அரிது. 1965இலேயே வி. கே. வெள்ளையன் பிரிந்து தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கியதற்கு இந்தத் தனிமனிதத் தலைமையும் ஒரு காரணம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் நிறுவனங்களுக்குக் கைமாறியபோது லயத்துக் காணியையும் வீட்டையும் தொழிலாளருக்கு உரிமையாக்கும் வாய்ப்பு எழுந்தது. ஆட்சியில் செல்வாக்கோடு இருந்த தலைவரால் அதை உறுதியான ஏற்பாடாக மாற்ற முடியவில்லை. பேரத்தால் எதையும் பெறலாம் என்று பழகிய அரசியலுக்கு, பேரம்பேசப் பொருளில்லாதவற்றைப் போராடிப் பெறும் பழக்கம் குறைந்துபோனதே இதற்குக் காரணம் என்று கொள்ளலாம்.

தொண்டமான் 1999 அக்டோபர் 30 அன்று, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாளில், கொழும்பில் காலமானார். அதன் பின் நான்காண்டுகள் கழித்து, எஞ்சியிருந்த நாடற்றோருக்காக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரஜாவுரிமைக்கு உரியவர்கள் என்றது அச்சட்டம். பிரஜாவுரிமைப் போராட்டம் அங்கே நிறைவுற்றது. லயத்து அறைக்கும் அது நிற்கும் காணிக்கும் உறுதிப்பத்திரம் பெறாத குடும்பங்கள் இன்னும் மலையகத்தில் உள்ளன. அந்த வேலை அவருடைய சங்கத்தின் முன்னும் பிற சங்கங்களின் முன்னும் அப்படியே கிடக்கிறது.